ஏலமும் கழிவும்: ஒரு வரலாற்றுப் பார்வை

எட்டாம் தரப் பிள்ளைகளுக்கு வீதக் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் இக்கட்டுரைக்கான விதை விழுந்தது. இலாபம், நட்டம், கழிவு என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, "ஒரு வியாபாரி நூற்றுக்குப் பத்து வீதம் கழிவு கொடுத்தால் யாருக்கு நன்மை?" என்று கேட்டேன். பின்வாங்கில் இருந்த கடற்றொழிலாளி ஒருவரின் மகன் எழும்பினான். "சேர், கழிவு குடுக்கிறதில்லை, எடுக்கிறது" என்றான். வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "அப்பான்ர மீன் நாலாயிரத்துக்கு ஏலம் போனது. வீட்டை கொண்டு வந்தது மூவாயிரத்து அறுநூறு. மிச்சம் எங்கை போச்சுது?" என்று கேட்டான்.

பாடநூலில் கழிவு என்பது கடைக்காரர் வாடிக்கையாளருக்கு விட்டுக்கொடுப்பது. எங்கள் கரையிலும் சந்தையிலும் அதே சொல் உற்பத்தியாளரிடமிருந்து பிடித்துக்கொள்ளப்படுவதைக் குறிக்கிறது. ஒரே சொல் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தியாக இருக்கிறது. அன்று அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. ஏலம் என்ற முறை எங்கிருந்து வந்தது, அதில் கூலி, தரகு, கழிவு என்று எடுக்கப்படும் காசை யார் கொடுக்கிறார்கள், அதை யாராவது எக்காலத்திலாவது கட்டுப்படுத்தினார்களா என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேடலின் சுருக்கமே இது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஏலம் என்பது பழந்தமிழ்ச் சொல் அல்ல. போர்த்துக்கேயர் ஏலத்தை 'லெய்லாவோ' என்றனர். அது நம் கரைகளுக்கு வந்து தமிழில் ஏலம் ஆயிற்று, வடஇந்தியாவில் நீலாம் ஆயிற்று, மலாயில் லெலோங் ஆயிற்று என்பது சொல்லாய்வாளர் கருத்து. அந்தப் போர்த்துக்கேயச் சொல்லும், 'அறிவித்தல்' எனப் பொருள்படும் 'இஃலாம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்பர். ஐபீரிய நாடுகளின் சந்தைகளில் அரபு மொழி பல நூற்றாண்டுகள் புழங்கியதை எண்ணினால் இதில் வியப்பில்லை. ஆக, அரபிகள் சொன்னதைப் போர்த்துக்கேயர் கடல் கடந்து கொண்டுவந்து நம்மிடம் சேர்த்திருக்கிறார்கள். சிங்களத்தில் ஏலத்துக்கு வழங்கும் 'வெந்தேசிய' ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். ஏலத்தில் கேட்கும் விலையைக் குறிக்கும் 'லன்சுவ' போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. இந்த நாட்டின் ஏலங்களில் யார் யார் நின்றார்கள் என்பதை இச்சொற்களே சொல்லிவிடுகின்றன.

அறிவித்தல் என்ற மூலப்பொருளை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் கேட்கும்படி விலையை அறிவிப்பதே ஏலத்தின் உயிர். அதற்கு எதிரானது துணிக்குள் விலை பேசுதல். மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு, அதன் கீழ் ஒருவர் விரலை மற்றவர் பிடித்து விலை பேசுவதைத் தமிழ்நாட்டில் பார்த்தவர்கள் இருப்பார்கள். முத்து வணிகரும் இப்படித்தான் பேசினார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இரண்டு கைகளுக்கு மட்டுமே தெரியும்.

ஏலத்தில் நேர்மை பற்றிய கவலையும் புதிதல்ல. வறுமையோடு வந்து உதவி கேட்ட ஓர் அன்சாரித் தோழரிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) கேட்டு, அவர் கொண்டுவந்த துணியையும் கிண்ணத்தையும் எல்லோர் முன்னும் ஏலம் கூறிய செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. ஒருவர் ஒரு திர்ஹம் கேட்டார், இன்னொருவர் இரண்டு திர்ஹம் கேட்டார். அந்த இரண்டு திர்ஹமும் குறையாமல் பொருளுக்கு உரியவர் கையில் போய்ச் சேர்ந்தது. ஒன்றில் வீட்டுக்கு உணவு, மற்றதில் விறகு வெட்டக் கோடரி. இந்நிகழ்ச்சியை உழைப்பின் மேன்மைக்கு எடுத்துக்காட்டாகவே பலரும் சொல்வர். ஏலத்தில் விழுந்த விலை முழுதாக விற்றவருக்கே போனது என்பதையும் நான் கவனிக்கிறேன். வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிவிடக் கேட்பதை 'நஜ்ஷ்' என்று பெயரிட்டு அவர்கள் தடுத்ததும் நாம் அறிந்ததே.

பிற்கால இஸ்லாமிய நகரங்களில் சந்தையைக் கண்காணிக்க முஹ்தஸிப் என்ற அதிகாரி இருந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அல் ஷைசரி இவ்வதிகாரிகளுக்கென எழுதிய கைந்நூலில் ஏலம் கூறுவோருக்கும் தரகருக்கும் தனியாக விதிகள் உள்ளன. அவர்கள் தாமாக விலையை ஏற்றக்கூடாது, வணிகரோடு இரகசியப் பங்காளியாக இருக்கக்கூடாது, பொருளில் குறை இருந்தால் வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும், விற்பவர் பொறுப்புக் கொடுக்காமல் விலைப்பணத்தைத் தாமே வாங்கி வைக்கக்கூடாது. இதில் கடைசி விதியை வாசித்தபோது எனக்கு எங்கள் கரை நினைவுக்கு வந்தது. பணம் யார் கையை முதலில் தொடுகிறதோ அவரே கழிவையும் தீர்மானிக்கிறார்.

இன்னும் பழைய சான்று உரோமிலிருந்து கிடைக்கிறது. பேரரசர் ஒகஸ்தஸ் படைவீரர் ஓய்வூதிய நிதிக்கென ஏல விற்பனைகளில் நூற்றுக்கு ஒன்று வரி வைத்தார். மக்கள் முறையிட்டபோது திபேரியஸ் முதலில் மறுத்து, கி.பி. 17இல் அதை அரை வீதமாகக் குறைத்தார். பின்னர் கலிகுலா இத்தாலியில் அதை நீக்கினார். இது அரசு எடுத்த பங்கு. தரகர் எடுத்த பங்குக்கும் சான்று இருக்கிறது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரில் லூசியஸ் செசிலியஸ் யுகுந்தஸ் என்ற ஏலப் பணக்காரரின் வீட்டில் 1875ஆம் ஆண்டு 150க்கு மேற்பட்ட மெழுகுப் பலகைகள் கிடைத்தன. அவற்றிற் பல, ஏலத்தில் விழுந்த தொகையில் கூலி கழித்து மிகுதியைப் பெற்றுக்கொண்டேன் என்று விற்றவர்கள் சாட்சிகளோடு கொடுத்த பற்றுச்சீட்டுகள். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கழிவு இருந்திருக்கிறது. ஆனால் அதற்கு எழுத்தில் பற்றுச்சீட்டும் இருந்திருக்கிறது. எங்கள் கரையில் முதலாவது மட்டுமே இருக்கிறது.

இனி நம் கடலுக்கு வருவோம். காரைநகர்த் துறையில் நின்று பார்த்தால் ஊர்காவற்றுறைக்கு முன்னால் கடலுக்குள் கடற்கோட்டை தெரியும். ஒல்லாந்தர் அதை ஹம்மன்ஹீல் என்றார்கள். அதற்கு அப்பால் உள்ள துறையைப் போர்த்துக்கேயர் 'யானைகளின் துறை' என்ற பொருளில் அழைத்தனர். கைற்ஸ் என்ற இன்றைய பெயர் அதிலிருந்து வந்ததே. வன்னிக் காடுகளில் பிடித்த யானைகள் ஆனையிறவால் குடாநாட்டுக்கு நடத்திவரப்பட்டு, இந்தியாவிலிருந்து வந்த வணிகர்களுக்கு விற்கப்பட்டு, தீவகத் துறையிலிருந்து கப்பலேறின. ஒல்லாந்தர் காலத்தில் கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த முஸ்லிம் வணிகர் இதில் முக்கியமானோர். யானையின் உயரத்தை அளந்து விலை வைத்தார்கள். 1697இல் யாழ்ப்பாணத்து ஒல்லாந்தத் தளபதி ஸ்வார்டிகுரூன் தம் பின் வருவோருக்கு எழுதிவைத்த குறிப்பேட்டில் யானை வணிகம் ஒரு பெரிய விடயமாக இடம்பெறுகிறது. கம்பனியே விற்பவர், கம்பனியே அளப்பவர், கம்பனியே துறைக்கு அதிகாரி. வாங்க வந்தவருக்கு முறையிட வேறு இடம் இருக்கவில்லை.

ஏலம் முழு வடிவில் நடந்த இடம் மன்னார்க் கடல். சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் முத்துக்குளிப்புக் காலத்தில் ஓலைக் கொட்டில்களால் ஆன ஒரு நகரமே எழும்பும். கீழக்கரை, காயல்பட்டினம், தொண்டி, யாழ்ப்பாணம், அரபுநாட்டு வளைகுடாத் துறைகள் ஆகிய இடங்களிலிருந்து மூழ்குவோர் வருவர். மரைக்காயர்களும் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரும் பம்பாய் வணிகர்களும் வாங்க வருவர். பிரித்தானியர் தொடக்கத்தில் முழுக் குளிப்பையும் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டார்கள். 1798இல் அவர்களுக்குக் கிடைத்தது 192,000 பவுண். பேராசையால் அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் குளித்ததில் பார்கள் வெறுமையாயின.

பின்னர் அரசே நேரடியாக நடத்தியபோது முறை மாறியது. தோணிகள் கரைக்கு வந்ததும் சிப்பிகள் யாவும் கொட்டு எனப்பட்ட அடைப்புக்குள் கொண்டுவரப்பட்டு மூன்று குவியலாகப் பிரிக்கப்படும். ஒரு குவியல் குளித்தவர்களுக்கு, இரண்டு குவியல் அரசுக்கு. எது அரசுக்குரியது என்பதை அதிகாரியே காட்டுவார். பிரிக்கும்போது எந்தக் குவியல் தமக்கு வரும் என்று தெரியாததால் மூழ்குவோர் மூன்றையும் சமமாகவே பிரிப்பர். நேர்மைக்கு நல்லதோர் ஏற்பாடு இது. அரசின் பங்கு மாலையில் ஆயிரம் சிப்பி ஒரு தொகுதியாக ஏலம் கூறப்படும். கூடிய விலை கேட்டவர் அவ்விலைக்குத் தமக்கு வேண்டிய ஆயிரங்களை எடுத்துக்கொள்ளலாம். சிப்பிக்குள் முத்து உண்டோ இல்லையோ யாருக்கும் தெரியாது. 1905இல் மட்டும் ஏறத்தாழ 8 கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்கு 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் கிடைத்தது. அடுத்த ஆண்டே பார்கள் இலண்டன் கம்பனி ஒன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் சிப்பி இல்லாமற் போக, அக்கம்பனி சில ஆண்டுகளில் கலைந்தது.

இந்த ஏலத்தில் வெளிப்படையாகத் தெரியும் பங்கு மூன்றில் இரண்டு. அதற்குப் பின்னாலும் பங்குகள் இருந்தன. குளித்தவர்களின் மூன்றிலொன்றில் தோணி உரிமையாளருக்கும் கயிறு பிடிப்போருக்கும் பங்கு. சுறா வராமல் மந்திரத்தால் கடலைக் கட்டுபவர் எனப்பட்ட கடல்கட்டிக்கு முன்னாளில் மூழ்குவோர் நாள்தோறும் சிப்பி கொடுத்தார்கள். முற்பணம் கொடுத்தவருக்கு வட்டி. தம் பங்கை மூழ்குவோர் அரசின் ஏலத்தில் வைக்கவில்லை. கொட்டின் வாசலைத் தாண்டியதும் சூழ்ந்துகொள்ளும் சில்லறை வியாபாரிகளிடம் கையோடு விற்றார்கள். பெரிய ஏலம் உள்ளே நடக்க, உழைத்தவனின் பங்கு வெளியே தெருவில் போனது. காத்திருக்க அவனுக்கு வசதியில்லை.

சட்டத்துக்கு வருவோம். இலங்கையில் ஏலம் கூறுவோரும் தரகரும் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும் என்ற கட்டளைச் சட்டம் 1889ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கமாக வந்தது. ஏழு ஆண்டுகளின் பின், 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஏல விற்பனைக்கென ஒரு பிரிவை வைத்தது. சுத்தியல் விழுந்ததும் விற்பனை முடிந்தது, அதற்கு முன் கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம், முன்கூட்டி அறிவிக்காமல் விற்பவர் தம் ஆளைக்கொண்டு விலை கேட்பிக்கக் கூடாது என்பன அதன் சாரம். இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டியது இது. கடைசி விதியை வாசிக்கும்போது நஜ்ஷ் நினைவுக்கு வராமற் போகாது. ஆனால் ஏலக்கூலி எவ்வளவு, அதை விற்பவரா வாங்குபவரா கொடுப்பது என்று அந்தப் பிரிவு ஒரு சொல்லும் சொல்லவில்லை. கொழும்பில் 1883 யூலை 30இல் தொடங்கிய தேயிலை ஏலத்துக்குத் தரகரும் வாங்குவோரும் தங்கள் சங்கம் வைத்து விதிகள் எழுதிக்கொண்டார்கள். மீன்காரருக்கும் தோட்டக்காரருக்கும் அப்படியான ஏற்பாடு வாய்க்கவில்லை.

கூலியைச் சட்டத்தால் பிடித்துக் கட்டிய உதாரணம் அக்கரையில் இருக்கிறது. பிரித்தானிய இந்தியாவில் பருத்தி விற்கப் போன உழவரிடம் தரகு, நிறுவை, சாக்கு, தருமம், மாதிரி என்று எத்தனையோ பெயரில் பிடித்தார்கள். 1897இல் பேரார் பகுதியில் பருத்தி, தானியச் சந்தைகளுக்கென ஒரு சட்டம் வந்தது. லின்லித்கோ பிரபு தலைமையிலான அரச விவசாய ஆணைக்குழு 1928இல் தந்த அறிக்கை, ஒழுங்குபடுத்திய சந்தைகள் எங்கும் வேண்டும் என்றது. சென்னை மாகாணத்தில் 1933இல் வர்த்தகப் பயிர்ச் சந்தைச் சட்டம் நிறைவேறியது. திருப்பூரில் பருத்திக்கென 1936இல் ஒழுங்குமுறைச் சந்தை தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்று சொல்லப்படுபவை அதன் வாரிசுகளே. அங்கே வணிகர்கள் விலையைச் சீட்டில் எழுதிப் போடும் மறைமுக ஏலம் நடக்கிறது. விளைபொருளின் மதிப்பில் நூற்றுக்கு ஒன்று என்ற சந்தைக் கட்டணம் வாங்கும் வணிகரிடம் அறவிடப்படுகிறது, உழவரிடம் தரகு எடுக்கப்படுவதில்லை என்பதே விதி.

பஞ்சாபில் இதே வாங்குபவர் கட்டணம் ஒரு பெரும் போராட்டத்தின் நடுவில் இருந்தது. அங்கே மண்டியில் கோதுமையும் நெல்லும் வாங்குபவர் மாநிலத்துக்குக் கட்டணங்களும் 'ஆட்தியா' எனப்படும் தரகருக்கு நூற்றுக்கு இரண்டரை வீதமும் கொடுப்பது வழக்கமாக இருந்தது. 2020இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த வேளாண் சட்டங்களில் ஒன்று, மண்டிக்கு வெளியே வாங்கினால் மாநிலக் கட்டணம் இல்லை என்றது. கேட்கும்போது நல்லதாகவே தோன்றும். வெளியே கட்டணம் இல்லையென்றால் வணிகர் வெளியே போவர், உள்ளே மண்டி வாடும், பிறகு விலையை யார் கேட்பார் என்று உழவர்கள் அஞ்சினர். ஓர் ஆண்டுக்கு மேல் தில்லி எல்லையில் இருந்தார்கள். 2021 முடிவில் அச்சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன.

பணக்காரரின் ஏலத்திலும் கதை இதேதான். இலண்டனின் கிறிஸ்டீஸ், சொதபீஸ் நிறுவனங்கள் 1975இல் முதன்முறையாக, சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் வாங்குபவரும் 10 வீதம் கொடுக்க வேண்டும் என்று அங்கே அறிவித்தன. பழம்பொருள் வணிகர்கள் எதிர்த்தார்கள், பயனில்லை. இன்று அந்த வீதம் பெரும்பாலான பொருட்களுக்கு 25ஐயும் தாண்டி நிற்கிறது. 1990களில் இரு நிறுவனங்களின் தலைமைகளும் கூடிப் பேசி விற்பவரிடம் எடுக்கும் கூலியை ஒன்றாக்கிக்கொண்டன. 2000ஆம் ஆண்டு அது அம்பலமானது. நட்டஈடாக இரண்டும் சேர்ந்து 51 கோடி 20 இலட்சம் டொலர் கொடுக்க உடன்பட்டன. சொதபீசின் தலைவராயிருந்த அல்பிரட் டோப்மன் 2002இல் சிறை சென்றார். ஓவியம் விற்கிற இடமானாலும் ஓரா மீன் விற்கிற இடமானாலும், கூலியைத் தீர்மானிப்பவர்கள் இரகசியமாகக் கூடினால் நடப்பது ஒன்றே.

இங்கே வகுப்பறைக் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு கூறு மீனுக்கு 11,000 ரூபாவுக்கு மேல் கொடுக்க ஒரு வியாபாரிக்குக் கட்டாது என்று வைத்துக்கொள்வோம். கூலி எதுவும் இல்லாவிட்டால் அவர் 11,000 வரை கேட்பார், அது முழுதும் மீன்காரருக்கு. வாங்குபவர் 10 வீதக் கூலி கொடுக்க வேண்டுமென்றால் அவர் 10,000 வரைதான் கேட்பார். கூலி 1,000 சேர்த்து அவருக்கு அதே 11,000. மீன்காரருக்கு 10,000. இப்போது கூலியை விற்பவர் தலையில் போடுவோம். வியாபாரி 11,000 கேட்பார், அதில் 1,100 கூலி போக மீன்காரருக்கு 9,900. இரண்டுக்கும் வித்தியாசம் நூறு ரூபா மட்டுமே. யார் கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்தாலும், பொருளைத் திரும்பக் கொண்டுபோக முடியாதவர் மடியிலிருந்தே அது போகிறது. ஓவியம் விலை போகாவிட்டால் சுவரில் மாட்டி வைக்கலாம். மீனைக் கடலுக்குத் திருப்பி அனுப்ப முடியாது.

அப்படியானால் கட்டுப்பாட்டால் பயனில்லையா? உண்டு. கூலியின் பெயரை மாற்றுவதில் அது இல்லை, அளவைக் குறைப்பதிலும் வெளிப்படுத்துவதிலும் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டு மரக்கறிச் சந்தைகளில் 100 கிலோ கொண்டுபோன தோட்டக்காரரிடம் 10 கிலோவைக் கழிவு என்று பிடிக்கும் வழக்கம் பற்றிப் பல தடவை கூட்டங்கள் கூடின, தீர்மானங்களும் நிறைவேறின. வியாபாரிகள் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. மரக்கறி தூரம் போகும்போது வாடும், அழுகும், நிறை குறையும் என்கிறார்கள். அது உண்மையானால் அந்த நட்டத்தைக் கேட்கும் விலையிலேயே குறைத்துக்கொள்ளலாம், எல்லோருக்கும் தெரியும். நிறையில் பிடிக்கும்போது வெங்காயத்துக்கும் கீரைக்கும் ஒரே பத்து. அழுகாத பொருளும் அழுகியதாகவே கணக்கில் எழுதப்படுகிறது. விலை ஏறினால் கழிவின் பெறுமதியும் ஏறுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அறிவித்த விலை ஒன்று, கைக்கு வந்த விலை வேறொன்று என்றாகிறது. அதாவது ஏலத்துக்குள்ளே மீண்டும் துணியைப் போட்டு மூடுகிறோம்.

இன்னொரு காரணத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஏலத்தில் கேட்கும் வாய்கள் குறைந்தால் எந்தச் சட்டமும் விலையைக் காப்பாற்றாது. கடற்றொழிலாளி வலைக்கும் இயந்திரத்துக்கும் ஒருவரிடம் முற்பணம் வாங்கியிருந்தால் மீனை அவருக்கே கொடுக்க வேண்டும். ஏலம் அங்கே பெயருக்குத்தான். என் தந்தையார் சொல்வார், தீவகத்துக்கு ஒரு காலத்தில் யாழ்ப்பாணம் சோனகதெருவிலிருந்து சைக்கிளில் ஆடு வாங்கவும் தோல் வாங்கவும் ஒரு நானா வருவாராம். ஊர் வியாபாரி சொன்ன விலையை அவரிடம் சொன்னால், கட்டுமா கட்டாதா என்று நேரே சொல்லிவிடுவாராம். அவர் வருகிற நாளில் ஊர் வியாபாரியின் விலையும் தானாக ஏறுமாம். 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் தம் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு நேர்ந்த அநீதியைச் சந்தைக் கணக்கில் அடக்கிவிட முடியாது. ஆனால் எங்கள் வாசலில் நின்று விலை கேட்ட ஒரு குரலையும் அன்று நாங்கள் இழந்தோம் என்பதை என் தந்தையார் சொல்லித்தான் அறிந்தேன். அடுத்த ஆண்டு நாங்களும் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தோம். அப்போது எனக்குப் பத்து வயது. ஆட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டுப் பொன்னாலைப் பாலத்தைக் கடந்தது நினைவிருக்கிறது. அவசரத்தில் விற்பவனிடம் யாரும் ஏலம் கூறுவதில்லை.

இவ்வளவையும் தேடிப் படித்தபின் என் எண்ணத்தில் நிற்பவை எளிமையானவை. ஏலம் தொடங்குமுன் கூலி எவ்வளவு என்று ஒரு பலகையில் எழுதப்பட வேண்டும். அதற்கு ஒரு மேல் எல்லை வேண்டும். கூலியைப் பணமாக எடுக்க வேண்டும், மீனாகவோ மரக்கறியாகவோ நிறையில் எடுக்கக்கூடாது. விற்றவருக்குத் துண்டொன்று எழுதிக் கொடுக்க வேண்டும். பொம்பேயியில் இருந்தது இங்கே இருக்கக்கூடாதா? கட்டுப்படுத்துவோரில் விற்பவர்களின் ஆளும் இருக்க வேண்டும். ஏலம் கூறுபவர் உழைக்கிறார், விடியற்காலையில் குரல் வற்றக் கூவுகிறார், அவருக்குக் கூலி நியாயமானதே. அது அவர் உழைப்புக்கான கூலியாக இருக்கட்டும், மற்றவரின் இயலாமைக்கான விலையாக இருக்க வேண்டாம்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பிறகு வகுப்பில் ஒரு செயற்றிட்டம் செய்தோம். கடற்றொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகள் ஒரு மாதம் தங்கள் தகப்பன்மாரிடம் கேட்டு, ஏலத்தில் விழுந்த விலையையும் வீட்டுக்கு வந்த காசையும் அப்பியாசக் கொப்பியில் எழுதினார்கள். சில நாட்களில் என்ன கழிந்தது என்று தகப்பன்மாருக்கே தெரிந்திருக்கவில்லை. பிள்ளைகள் கேட்கத் தொடங்கியபின் அவர்களும் கரையில் கேட்கத் தொடங்கினார்கள். "மாஸ்ரர், பொடியன் கணக்குக் கேக்கிறான், நான் போய் அங்கை கேக்க வேண்டியதாப் போச்சுது" என்று ஒருவர் என்னிடம் வந்து சொன்னார். அவர் முகத்தில் கோபமும் இருந்தது, சிறு பெருமையும் இருந்தது. பலகை எழுதி வைக்கும்படி கொடுத்த விண்ணப்பத்துக்கு இதுவரை பதில் வரவில்லை.

இறுதியாக வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மன்னார், புத்தளம், கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களில் முத்து, சங்கு, கடலட்டை வணிகம் செய்த குடும்பங்களின் பழைய கணக்கேடுகள் பெட்டிகளில் செல்லரித்துக்கொண்டிருக்கக் கூடும். ஆயிரம் சிப்பி என்ன விலைக்குப் போனது, தரகு எவ்வளவு, யார் கொடுத்தது என்பதெல்லாம் அந்த ஏடுகளில் இருக்கும். அரசாங்க அறிக்கைகள் அரசுக்கு வந்ததையே எழுதிவைத்தன. வாங்கியவரின் கணக்கும் மூழ்கியவரின் கணக்கும் நம் வீடுகளில்தான் கிடைக்க வேண்டும். அவற்றைக் கறையானுக்குக் கொடுத்துவிடாமல் காத்துத் தந்தால், அடுத்து ஒரு பிள்ளை எழும்பி மிச்சம் எங்கே போனது என்று கேட்கும்போது என்னைப் போன்ற வாத்திமாருக்குச் சொல்வதற்கு இன்னும் கொஞ்சம் இருக்கும்.